பங்கு பிரியாத கொடி

கொடியைப் போற்றும் மரபு தமிழர்க்குப் புதியதன்று. சேரர்க்கு வில்லும், சோழர்க்குப் புலியும், பாண்டியர்க்குக் கயலும் கொடியாய் விளங்கின என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் சங்க நூல்களைக் கற்போர் வேந்தர் கொடிகளை மட்டும் காண்பதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைப் பாடும் பட்டினப்பாலை, அந்நகரில் பறந்த பல்வகைக் கொடிகளையும் வரிசைப்படக் கூறுகின்றது. தெய்வம் உறையும் வாயிலில் ஒரு கொடி. கற்றறிந்தோர் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடி ஒன்று. துறையில் நின்ற மரக்கலங்களின் மீது அசைந்த கொடி ஒன்று. கள் விற்கும் மனையின் முன்னே நின்ற கொடி மற்றொன்று. வேந்தன் கொடி அவன் ஆணையைக் காட்டிற்று. ஏனைய கொடிகள் அவ்வவர் தொழிலையும் துறையையும் காட்டின. ஒவ்வொரு கொடியும் ஒரு சாரார்க்கே உரியதாய் இருந்தது.

எல்லார்க்கும் பொதுவாக ஒரு கொடி வேண்டும் என்னும் எண்ணம் மக்களாட்சிக் காலத்தில் பிறந்தது. வேந்தன் கொடி வெற்றியால் நிலைபெறும். மக்கள் கொடி உடன்பாட்டால் நிலைபெறும். அவ்வுடன்பாடு எளிதில் கிட்டுவதன்று. நம் நாட்டு மூவண்ணக் கொடி இன்றைய வடிவை அடைவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

ஆகஸ்டு 15ஆம் நாளும் ஜனவரி 26ஆம் நாளும் நம் காலனியில் கொடியேற்றும்போது, “இந்த நிறங்களுக்குப் பொருள் என்ன?” என்று குழந்தைகள் கேட்பதுண்டு. “காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு” என்று பெரியோர் பலர் விடை கூறுவதும் உண்டு. இவ்விடை வேரற்றதன்று, வரலாற்றில் ஒரு காலத்தில் வழங்கிய விடைதான். ஆனால் அது நாடு எண்ணிப் பார்த்து 1931ஆம் ஆண்டிலேயே விலக்கிய விடை. அது எவ்வாறு பிறந்தது, ஏன் விலக்கப்பட்டது என்பதை அறிந்தால் கொடியின் உண்மைப் பொருள் விளங்கும்.

முதல் முயற்சிகள்

வங்கப் பிரிவினையை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்த நாளில், 1906 ஆகஸ்டு 7 அன்று, கல்கத்தாவில் பார்சி பாகன் சதுக்கத்தில் ஒரு கொடி ஏற்றப்பட்டது. பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று பட்டைகளும், தாமரை மலர்களும், ஞாயிறும் பிறையும், ‘வந்தே மாதரம்’ என்னும் எழுத்தும் அதில் இருந்தன. மறு ஆண்டு, 1907 ஆகஸ்டில், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கூடிய உலகச் சோஷலிஸ்ட் மாநாட்டில் மேடம் பிக்காஜி காமா என்னும் பார்சி மாதரசி இத்தகைய கொடி ஒன்றை விரித்துக் காட்டினார். அயல்நாட்டு அவையொன்றில் இந்தியாவுக்கென ஒரு கொடி உயர்ந்த பெருமை ஒரு பெண்மணியின் கையால் நிகழ்ந்தது.

அடுத்த முயற்சி நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. அன்னி பெசன்ட் அம்மையாரும் திலகரும் நடத்திய சுயாட்சி இயக்கத்தின் கொடியில் ஐந்து சிவப்புப் பட்டைகளும் நான்கு பச்சைப் பட்டைகளும் மாறி மாறி அமைந்தன. ஏழு முனிவர் மீன்கூட்டம் போல ஏழு விண்மீன்கள் அதில் ஒளிர்ந்தன. 1917ஆம் ஆண்டில் அரசினர் அம்மையாரை உதகமண்டலத்தில் காவலில் வைத்தபோது, அங்கும் தம் தோட்டத்தில் சிவப்பும் பச்சையும் கொண்ட கொடியை அவர் பறக்கவிட்டார். ஆயினும் அவ்வியக்கக் கொடியின் ஒரு மூலையில் ஆங்கிலேயரின் யூனியன் ஜாக் இடம்பெற்றிருந்தது. முழு விடுதலை நாடிய மக்கள் உள்ளத்தில் அக்கொடி வேரூன்றவில்லை.

பெசவாடாவில் பிறந்த வடிவம்

ஆந்திர நாட்டைச் சேர்ந்த பிங்கலி வேங்கையா என்பவர் கொடிகளை ஆராய்வதையே ஒரு நோன்பாகக் கொண்டவர். இந்தியாவுக்கு ஏற்ற கொடிகள் எனத் தாம் கருதிய முப்பது வடிவங்களைத் தொகுத்து 1916ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலாகவே வெளியிட்டார். 1921ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் அகில இந்தியக் காங்கிரஸ் குழு பெசவாடா எனப்பட்ட விஜயவாடாவில் கூடிற்று. சிவப்பும் பச்சையுமான கொடியில் இராட்டையைப் பொறித்துத் தருமாறு காந்தியடிகள் வேங்கையாவைப் பணித்தார். கொடியில் இராட்டை இருத்தல் வேண்டும் என்று சொன்னவர் ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜ். சில மணி நேரத்தில் வரைவு வந்தது. எனினும் குழுவின் முன் வைப்பதற்குக் காலம் கடந்துவிட்டது.

அத்தாமதமும் நன்மையாயிற்று என்று காந்தியடிகள் பின்னர் எழுதினார். சிவப்பு இந்துக்களையும் பச்சை முஸ்லிம்களையும் குறித்தால் ஏனைச் சமயத்தார்க்கு இடமெங்கே என்னும் எண்ணம் அவர்க்குத் தோன்றிற்று. வெண்மை மூன்றாவது நிறமாகச் சேர்ந்தது. மேலே வெண்மை, நடுவே பச்சை, கீழே சிவப்பு. மூன்றின் மீதும் படர்ந்த இராட்டை. எண்ணிக்கையில் சிறியோர் முதலிடம் பெறவும், வலியோர் எளியோர்க்குக் கேடயமாய் நிற்கவும் வேண்டும் என்பதே அவ்வரிசையின் கருத்து.

எத்துணை உயர்ந்த கருத்து! ஆயினும் அதனுள் ஓர் இடர் மறைந்திருந்தது. நிறத்தைச் சமயத்துக்குப் பங்கிட்டால், பங்கு பெறாதவர் கேட்கத்தான் செய்வர். அக்கேள்வி எழுவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் அக்கொடி குருதியிலும் சிறையிலும் தோய்ந்து மக்களின் உடைமையாகிவிட்டது. அவ்வேள்வி நிகழ்ந்த களங்களுள் தலையாயது நாம் வாழும் இந்நாகபுரியேயாகும்.

நாகபுரிக் கொடிப்போர்

1923 மார்ச்சில் ஜபல்பூர் நகராட்சி மண்டபத்தின் மீது மூவண்ணக் கொடி ஏற்றுவது பற்றித் தகராறு எழுந்தது. மத்திய மாகாண அரசு அதனைத் தடுத்தது. அப்பொறி நாகபுரியில் பெருந்தீயாயிற்று. வெள்ளையர் குடியிருந்த சிவில் லைன்ஸ் பகுதிக்குள் கொடியேந்திச் செல்லலாகாது என்று அதிகாரிகள் தடை விதித்தனர். 1923 மே 1 முதல் ஜம்னாலால் பஜாஜ் தலைமையில் அறப்போர் தொடங்கிற்று. நாள்தோறும் தொண்டர் சிலர் கொடியேந்திப் புறப்படுவர், தடைசெய்யப்பட்ட எல்லையை அணுகுவர், சிறை புகுவர். மறுநாள் வேறு சிலர் அதே கொடியோடு வருவர்.

ஜம்னாலால் பஜாஜ் சிறைப்பட்டார், அபராதமும் விதிக்கப்பட்டது. அபராதத்துக்காக அவருடைய மோட்டார் வண்டியைப் பறித்து ஏலத்துக்கு விட்டபோது, நாகபுரியில் அதனை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை என்பர். இந்திக் கவிஞர் சுபத்ரா குமாரி சௌஹானும் இப்போரில் சிறைப்பட்டார். குஜராத்திலிருந்தும், பீகாரிலிருந்தும், தமிழ்நாட்டிலிருந்தும் தொண்டர்கள் இந்நகர் நோக்கி வந்தனர். 1,000க்கு மேற்பட்டோர் கைதாயினர். பின்னர் வல்லபாய் பட்டேல் தலைமை ஏற்றார். 1923 ஆகஸ்டு 18 அன்று கொடியேந்திய ஊர்வலம் அதே சிவில் லைன்ஸ் வழியே தடையின்றிச் சென்றது. அதன்பின் கைதிகள் விடுதலை பெற்றனர்.

நம்முள் பலர் அலுவலகம் செல்வதற்கும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும் அச்சாலைகளில் நாள்தோறும் செல்கின்றோம். ஒரு துணியைக் கையிலேந்தி அவ்வழியே நடப்பதற்காக மொழி தெரியாத ஊருக்கு வந்து சிறைசென்ற தமிழ்த் தொண்டர்களை அப்போது நினைத்துக்கொள்வது தகும். பிழைப்பு நாடி இங்கு வந்த நமக்கு முன்னே கடமை நாடி வந்தவர்கள் அவர்கள்.

நிறங்கள் பெற்ற புதுப்பொருள்

1929 டிசம்பர் 31 நள்ளிரவில் லாகூரில் இராவி ஆற்றங்கரையில் ஜவஹர்லால் நேரு கொடியேற்றியபோது முழு விடுதலையே குறிக்கோள் என்பது உறுதியாயிற்று. ஆனால் நாம் முன்னர்க் குறித்த கேள்வியும் இக்காலத்தே வலுத்தது. நிறங்கள் சமயங்களைக் குறிக்குமாயின் தமக்கும் ஒரு நிறம் வேண்டும் எனச் சீக்கியர் கேட்டனர். அவர் கேட்டதில் தவறென்ன? பங்கு என்று வந்தபின் பங்கு கேட்பது இயல்பே.

1931ஆம் ஆண்டில் கராச்சியில் காங்கிரஸ் காரியக் குழு இதனை ஆராய எழுவர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. பட்டேல், நேரு, மௌலானா ஆசாத், மாஸ்டர் தாராசிங், காகா காலேல்கர், டாக்டர் ஹர்டிகர், பட்டாபி சீதாராமையா ஆகியோர் அதன் உறுப்பினர். கேசரி நிறம் ஒன்றே கொண்டு, மூலையில் இராட்டை பொறித்த கொடியை அக்குழு பரிந்துரைத்தது. ஒரே நிறமாயின் பங்கிடுவதற்கு இடமில்லை என்பது அதன் நயம். எனினும் மக்கள் போராடிக் காத்த மூவண்ணத்தைக் கைவிட அகில இந்தியக் குழு இசையவில்லை.

1931 ஆகஸ்டில் பம்பாயில் முடிவு பிறந்தது. மூன்று நிறங்கள் நிலைத்தன, வரிசை மாறிற்று, சிவப்பின் இடத்தில் காவி வந்தது. மேலே காவி, நடுவே வெண்மை, கீழே பச்சை. வெண்பட்டையின் நடுவில் நீல நிற இராட்டை. எல்லாவற்றினும் பெரிய மாற்றம் பொருளில் நிகழ்ந்தது. இந்நிறங்கள் எச்சமயத்தையும் குறிப்பன அல்ல என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. காவி வீரத்தையும் தியாகத்தையும், வெண்மை வாய்மையையும் அமைதியையும், பச்சை நம்பிக்கையையும் செழிப்பையும் குறிப்பனவாயின.

இம்மாற்றத்தின் நுட்பத்தை நாம் உணர்தல் வேண்டும். சமயத்தைக் குறித்த நிறம் ஒரு சாரார்க்கு உரியது. மற்றவர் அதனை மதிக்கலாமேயன்றித் தமதெனக் கொள்ள இயலாது. பண்பைக் குறிக்கும் நிறமோ அப்பண்பை நாடும் எவர்க்கும் உரியது. வீரம் ஒரு சமயத்தாரின் தனிச்சொத்தா? வாய்மைக்கு ஏதேனும் சாதி உண்டா? கொடியைப் பங்கிட்டு அமைதி காண முயன்ற நாடு, பங்கு பிரிக்க இயலாத பொருளை அதற்கு அளித்து அமைதி கண்டது.

கொடி காத்த தமிழர்

அவ்வாறு பொருள் பெற்ற கொடிக்கு ஆறு திங்களுக்குள் ஒரு தமிழர் உயிரீந்தார். 1932 ஜனவரித் தொடக்கத்தில் காந்தியடிகள் கைதானதும் நாடெங்கும் மீண்டும் மறியல் மூண்டது. கதருக்குப் பேர்பெற்ற திருப்பூரில் ஜனவரி 10ஆம் நாள் தொண்டர்கள் கொடியேந்தி ஊர்வலம் வந்தனர். போலீசாரின் தடியடியில் மண்டை பிளந்து வீழ்ந்தார் சென்னிமலையில் பிறந்த குமாரசாமி. வீழ்ந்த நிலையிலும் கொடியைக் கைவிடவில்லை. மறுநாள் உயிர் நீத்தபோது அவர்க்கு வயது 27. ‘கொடி காத்த குமரன்’ என்று தமிழகம் அவரைப் போற்றுகின்றது. படைத்தலைவரல்லர்; பெருஞ்செல்வரல்லர்; ஆலையொன்றில் எளிய வேலை பார்த்தவர்.

அதே ஜனவரி 26ஆம் நாள், ஆர்யா எனப்பட்ட பாஷ்யம் என்னும் இளைஞர், காவல் மிகுந்த சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தில் இருளிலே ஏறி மூவண்ணக் கொடியைப் பறக்கவிட்டார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1947 ஆகஸ்டு 15 அன்று அக்கோட்டையில் தேசியக் கொடி முறைப்படி ஏறிற்று. பட்டாலான அக்கொடி சுமார் 12 அடி நீளமும் 8 அடி அகலமும் உடையது. 2013 முதல் அது கோட்டை அருங்காட்சியகத்தில் மக்கள் காண வைக்கப்பட்டுள்ளது. விடுமுறையில் சென்னை செல்லும் நம் குடும்பத்தினர் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதனைக் காட்டுவது நன்று.

ஆழியின் வருகை

விடுதலை நெருங்கியபோது, ஒரு கட்சியின் கொடி நாட்டின் கொடியாவது எவ்வாறு என்னும் வினா எழுந்தது. 1947 ஜூனில் அரசியல் நிர்ணய சபை இராஜேந்திரப் பிரசாத் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. ஆசாத், சரோஜினி நாயுடு, இராஜாஜி, முன்ஷி, அம்பேத்கர் முதலியோர் அதில் இருந்தனர். காங்கிரஸ் கொடியையே எல்லாக் கட்சியினரும் வகுப்பினரும் ஏற்கத்தக்க மாற்றங்களோடு கொள்ளலாம் என்று அக்குழு கருதிற்று.

1947 ஜூலை 22 அன்று நேரு தீர்மானத்தைக் கொணர்ந்தார். கருங்காவி, வெண்மை, கரும்பச்சை மூன்றும் சம அளவின. வெண்பட்டையின் நடுவே கருநீலச் சக்கரம். அகலமும் நீளமும் இரண்டுக்கு மூன்று என்னும் அளவின. இராட்டையின் ஒரு பக்கம் சக்கரமும் மறுபக்கம் கதிரும் இருத்தலின், கொடியின் மறுபுறத்தில் அது தலைமாறித் தோன்றும். எப்புறம் நோக்கினும் ஒன்றாகத் தோன்றும் சக்கரமே தகும் என்று நேரு விளக்கினார். நிறங்களுக்கு வகுப்புப் பொருள் கற்பித்தல் பிழை என்பதையும் அவர் அன்று எடுத்துரைத்தார். உறுப்பினர் அனைவரும் எழுந்து நின்று தீர்மானத்தை நிறைவேற்றினர்.

இராட்டை நீங்கியது காந்தியடிகளுக்கு வருத்தம் தந்தது. அஃதில்லாத கொடியை வணங்கமாட்டேன் என்று கூட அவர் சொன்னதுண்டு. ஆனால் தீர்மானத்தின் வாசகத்தைக் கூர்ந்து நோக்கினால், அச்சக்கரம் இராட்டையின் குறியாகவே அமைந்தது என்பது புலனாகும். வடிவம் சாரநாத்தில் அசோகர் நிறுவிய தூணின் தலைப்பகுதியிலிருந்து வந்தது; கருத்து ஏழையின் குடிசையில் சுழன்ற இராட்டையிலிருந்து வந்தது. அதன் 24 ஆரக்கால்களுக்குத் தனித்தனிப் பொருள் கூறுவோர் உளர். தீர்மானம் அவ்வாறு ஏதும் கூறவில்லை. திருத்தணியில் பிறந்து சென்னையில் கற்ற டாக்டர் இராதாகிருஷ்ணன் அன்று அவையில் ஆற்றிய உரையில், காவியைத் துறவுக்கும், வெண்மையை வாய்மை நெறிக்கும், பச்சையை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவுக்கும், சக்கரத்தை இடையறாது இயங்கும் அறத்துக்கும் அடையாளமாக விளக்கினார்.

அறத்தின் ஆழி தமிழர்க்கு அயலானதன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கலிங்கப் போருக்குப்பின் மனம் மாறிய அசோகர், தம் பாறைக் கல்வெட்டுகளில் சோழரையும் பாண்டியரையும் சேரரையும் பெயர் சுட்டிக் கூறியுள்ளார். அவர்தம் நாடுகள் அசோகரின் ஆட்சி எல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்கே அவர் அனுப்பியது படையன்று. மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவமும் மூலிகைகளும் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. வாளால் வெல்லாத நாட்டையும் அறத்தால் அணுகிய அரசரின் சின்னம் இன்று வடக்கையும் தெற்கையும் ஒருங்கே ஆள்கின்றது. கொடிக்குழுவில் இருந்த டாக்டர் அம்பேத்கர், 1956 அக்டோபர் 14 அன்று பெருந்திரளான மக்களோடு இந்நாகபுரியில் பௌத்தம் தழுவினார் என்பதும், அவ்விடமே இன்று தீட்சாபூமியாக விளங்குகின்றது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

நள்ளிரவில் விடுதலை பிறந்தபோது, இந்திய மாதர் சார்பில் ஹன்சா மேத்தா அம்மையார் சபைக்குக் கொடியை வழங்கினார். செங்கோட்டையில் நேரு கொடியேற்றியது மறுநாளாகிய ஆகஸ்டு 16ஆம் நாள் என்பதைப் பலர் அறியார்.

நெய்தலும் நெறியும்

விடுதலைக்குப்பின் கொடியின் துணி, நூல், சாயம், அளவு அனைத்துக்கும் திட்டமான வரையறை செய்யப்பட்டது. இந்தியத் தர நிர்ணய வரிசையில் முதல் எண் பெற்றது தேசியக் கொடியே. ஒன்பது அளவுகள் உள்ளன. மிகப்பெரியது 6,300 மில்லிமீட்டர் நீளமும் 4,200 மில்லிமீட்டர் அகலமும் உடையது. மிகச்சிறியது 150க்கு 100. கருநாடகத்தில் ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில் கதர்க் கொடிகள் தைக்கப்படுகின்றன. நூற்பவரிலும் தைப்பவரிலும் பெண்டிர் மிகுதி.

நெடுங்காலம் பொதுமக்கள் சில நாட்களில் மட்டுமே வீட்டில் கொடியேற்ற உரிமை பெற்றிருந்தனர். 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த கொடிநெறி, எல்லா நாட்களிலும் ஏற்றலாம் என்றது. கொடியை மதிப்போடு ஏற்றுவது குடிமகனின் உரிமை என்று 2004இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் எந்திரத்தால் செய்த கொடிகளுக்கும் பாலியஸ்டர் துணிக்கும் இடமளிக்கப்பட்டது. 2022 முதல் வீட்டில் இரவும் பகலும் பறக்கவிடலாம்.

உரிமை பெருகும்போது பொறுப்பும் பெருகுகின்றது. காவி மேலே இருத்தல் வேண்டும்; கிழிந்த கொடியை ஏற்றலாகாது; அது தரையில் படலாகாது. பழுதுற்ற கொடியைக் குப்பையில் எறியாமல் தனியிடத்தில் மதிப்போடு எரித்துவிடுவதே நெறி. விழா முடிந்தபின் சிறுவர் கையிலுள்ள காகிதக் கொடிகள் தெருவில் சிதறாமல் திரட்டும் பணியை நம் இளைஞர்கள் மேற்கொள்வார்களாக.

நமக்கு இக்கொடி

இந்நகரில் நாம் மராத்தியும் இந்தியும் பேசுவோர் நடுவே வாழ்கின்றோம். நம் மொழியையும் வழக்கையும் காப்பதற்கே சங்கம் கண்டோம். அதனால் நாம் இம்மண்ணுக்கு அயலார் ஆகிவிடவில்லை. கொடியில் தமிழர்க்கெனத் தனியொரு நிறம் இல்லை. மராத்தியர்க்கென ஒன்றும் இல்லை. எம்மொழியார்க்கும் எச்சமயத்தார்க்கும் அதில் தனிப்பங்கு இல்லை. அதனாலேயே முழுக்கொடியும் ஒவ்வொருவர்க்கும் உரியதாகின்றது. ஒரு பட்டையைப் பெற்றவன் மற்ற இரண்டையும் இழக்கின்றான். பங்கு கேளாதவனுக்கோ மூன்றும் ஆழியும் கிடைக்கின்றன.

ஆதலின் நிறங்களின் பொருளை நம் பிள்ளைகள் கேட்கும்போது, காவி தியாகம், வெண்மை வாய்மை, பச்சை செழிப்பு, ஆழி அறம் என்று சொல்லுவோமாக. அவற்றோடு நாகபுரிச் சாலையில் நடந்த தொண்டரையும், திருப்பூர்த் தெருவில் வீழ்ந்த குமரனையும் சேர்த்துச் சொல்லுவோமாக. தொண்டர்கள் வந்த ஊரும் குமரன் வீழ்ந்த ஊரும் ஒன்றுக்கொன்று தொலைவானவை. அவர்கள் ஏந்திய கொடி ஒன்று. இரண்டு ஊருக்கும் உரியவர்கள் நாம்.